மைக்கில் பேசுவது என்ன பாஷை?

கேள்வி: மண்டைக்காடு மாசிக் கொடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற காவலரின் வாக்கி டாக்கியில் பத்து நிமிடம் பேச்சு ஓடியது. 'ஓவர்' தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ரகசியச் சொற்களா? (வாசகி, தக்கலை)

பதில்: முப்பது வருடம் காவல்துறை வயர்லெஸ்ஸில் காது தேய்ந்தவன் சொல்கிறேன், பெரும்பாலும் ரகசியமே இல்லை. உங்களைக் குழப்பியது பாதி இரைச்சல், பாதி சுருக்கம். மைக்கில் (வயர்லெஸ்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த அலைவரிசையில் இருக்கிற அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். அதனால் பெயர், பதவி, வணக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அழைப்புப் பெயரைச் சொல்லி நேரே விஷயத்துக்கு வருவார்கள். 'ஓவர்' என்றால் நான் முடித்தேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது. சினிமாவில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பேச்சிப்பாறை பக்கம் மலை மறித்தால் பாதிச் சொல்தான் வந்து சேரும். அதில் பி, டி, ஈ, வி எல்லாம் ஒரே சத்தம். ஒருமுறை டிஎன் 75 வேன் ஒன்றை மறிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. எண்ணில் இருந்த 'டி'யை (D) நான் 'பி' (B) என்று எழுதி எல்லைச் சாவடிக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் நிறுத்தியது கேரளத்துக்குச் சாளை மீன் ஏற்றிப் போன வண்டி. ஐஸ் உருகி ரோட்டில் ஓட, டிரைவர் என் பரம்பரையையே வாழ்த்தியது மைக்கில் தெளிவாகக் கேட்டது! எழுத்து குழம்பாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்த ஒலிப்பட்டியல் உண்டு, அதில் டி-க்கு 'டெல்டா'. அதன்பின் 'டெல்டா' என்று சொல்லாமல் டி-யை விட்டதில்லை. ஃபைவும் நைனும் குழம்பும் என்பதால், 'ஃபைவ், நம்ம அஞ்சு' என்பேன். இது எந்தக் கையேட்டிலும் கிடையாது.

எண் குறியீடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1937-இல் காவல்துறை வயர்லெஸ் அதிகாரி சார்லஸ் ஹாப்பர் தொடங்கிய 'பத்து' வரிசை பிரபலம். அதில் 10-4 என்றால் 'கேட்டுக்கொண்டேன்'. முன்னால் ஏன் பத்து? அந்தக் காலத்து டிரான்ஸ்மிட்டர் முழு சக்திக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், முதல் சொல்லை விழுங்கிவிடும். விழுங்கினால் பத்துதானே போகும்! ஆனால் ஊருக்கு ஊர் அதே எண்ணுக்கு வேறு வேறு பொருள் வைத்துக்கொண்டார்கள். பல துறைகள் கூடி வேலை செய்யும் பேரிடரில் இது குழப்பம் என்று, 2006 முதல் அத்தகைய இடங்களில் சாதாரணப் பேச்சிலேயே சொல்லச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: 'ரோஜர்' யார்? (வாசகர், குளச்சல்)

பதில்: ஆள் இல்லை, எழுத்து. 'பெற்றேன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து ஆர். பழைய ஒலிப்பட்டியலில் ஆர்-க்கு ரோஜர் என்று பெயர். 1956-இல் அது ரோமியோ ஆனது, வாயில் மட்டும் ரோஜரே தங்கிவிட்டது. உங்கள் ஊர் விசைப்படகு வயர்லெஸ் செட்டிலும் கேட்டிருப்பீர்களே.

கேள்வி: ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கிப் போலீஸ் பேச்சைக் கேட்கலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம் தம்பி. குறைந்த திறன் கொண்ட சில செட்டுகளுக்கு மட்டும்தான் விலக்கு. மற்றதை உரிமமில்லாமல் வைத்திருப்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே குற்றம். அப்புறம், டிஜிட்டலில் பூட்டி அனுப்பினால் உமக்குக் கேட்பது வெறும் கொர்ர்தான்.