மங்கு மறைய என்ன சாப்பிடலாம்?

கேள்வி: எனக்கு 38 வயது. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். சின்ன வயதிலிருந்து கடலில் பாசி எடுக்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் மங்கு விழுந்துவிட்டது. விசேஷ வீட்டுக்குப் போனால், "ஏன் இப்படிக் கறுத்துப்போயிட்டே?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் பூசாமல் விட்டால் எரிகிறது, சிவக்கிறது. மங்கும் முன்னைவிடக் கூடிவிட்டது. பத்தாவது படிக்கும் என் மகளும் போன வாரத்திலிருந்து அதையே எடுத்துப் பூசுகிறாள். எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கே குடத்துக்கு இவ்வளவு என்று காசு. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடித்தால், எதைச் சாப்பிட்டால் என் பழைய முகம் திரும்பும்?
பெயர் வேண்டாம், மண்டபம் அருகில்

பதில்: அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்டது தண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றம் தந்தது அந்தக் கிரீம்தான். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

ஒரே மாதத்தில் வெளுப்பு, நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும், மறுபடி பூசினால் நிம்மதி. ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் செய்யும் வேலை அச்சு அசல் இதுதான். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமி உண்டாவதையும் கொஞ்ச காலம் அடக்கிவைக்கும். அதனால் முகம் வெளுத்தது போலத் தெரியும். உள்ளே தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துகொண்டே போகும். மெலிந்த தோலுக்கு வெயில் இன்னும் ஆகாது, அதனால் மங்கும் கூடும். நாளாக நாளாகக் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், மெல்லிய முடி வளரும். இப்படிப்பட்ட கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. அப்படியும் கடைகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது.

பெயர், ஊர் எதுவும் சரியாக அச்சிடாத டப்பா என்றால் இன்னொரு பயமும் இருக்கிறது. அதில் பாதரசம் கலந்திருக்கலாம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு கிரீம் பூசிவந்த சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதை 2023இல் அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பூசியது முகத்தில், பாதிக்கப்பட்டது சிறுநீரகம். உங்களுக்குக் காலிலோ முகத்திலோ வீக்கம் இருந்தாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த டியூபையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள். நிறுத்தும்போது வருகிற எரிச்சலுக்குப் பயந்துதான் எல்லோரும் மறுபடி அதையே பூசுகிறார்கள். அந்த எரிச்சலைத் தணிக்க மருந்து இருக்கிறது, அதை டாக்டர் தருவார். சில வாரம் முகம் பார்க்கச் சகிக்காமல்கூட இருக்கும். அந்தச் சில வாரத்தை எப்படியாவது தாண்டிவிடுங்கள், தாயே.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். காலை வெளிச்சத்தில் சட்டைக் கையை மேலே சுருட்டி, புஜத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். சட்டை மறைக்கும் இடம் ஒரு நிறமாகவும், அதற்குக் கீழே முழங்கையும் புறங்கையும் வேறு நிறமாகவும் இருக்கும். நடுவில் அளவெடுத்தது போல ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே இருப்பதுதான் நீங்கள் பிறந்த நிறம். எந்த மருந்தும் எந்தப் பழமும் அதைத் தாண்டி உங்களை வெளுப்பாக்காது, ஆக்கவும் தேவையில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பது வெயில் செய்த வேலை. வெயிலைத் தடுத்தால் அது மெள்ள மெள்ளக் குறையும். அந்தக் கோட்டை வரைந்தது சாப்பாடு இல்லை, ஒரு முழத் துணி. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

நம் கடற்கரை வெயில் சாதாரண வெயில் இல்லை. ராமேஸ்வரம், மண்டபம் எல்லாம் பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கேதான் இருக்கின்றன. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது இல்லையா, ஏறக்குறைய அதே நாளில்தான் நம் ஊரில் நண்பகல் சூரியன் நட்ட நடு உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒரு முறை நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே சுருண்டுவிடும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் தோலைச் சுடுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் விழும் புற ஊதாக் கதிரில் பாதிக்கு மேல் காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள் விழுந்துவிடுகிறது. மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. மணலும் அலை நுரையும் அதைக் கீழிருந்து முகத்துக்கே திருப்பி அடிக்கும். தண்ணீருக்குள்தானே இருக்கிறோம், சூடு தெரியவில்லையே என்றும் நினைக்க வேண்டாம். அரை மீட்டர் ஆழத்தில்கூட மேலே இருப்பதில் 40 சதவீதம் வரை கதிர் இருக்கும்.

பாசிக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டு, தலையில் துணி கட்டி, பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டை எந்தக் கிரீமையும் விட நல்ல கவசம். அதைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெளுத்துத் தேய்ந்த பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டினால் வெயில் சல்லடையில் புகுவது போலப் புகும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறமுள்ள, பாலியஸ்டர் கலந்த முழுக்கைச் சட்டைதான் நனைந்தாலும் காக்கும். சட்டையைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல் நிழல் தெரிந்தால் அது வேண்டாம். காலரைத் தூக்கிவிட்டுப் பின்கழுத்தை மூடுங்கள், குனிந்து பாசி பறிக்கும்போது முழு அடியும் அங்கேதான் விழுகிறது. படகில் போகும்போதும் கரையில் பாசியைக் காயவைக்கும்போதும் அகல விளிம்புள்ள ஓலைத்தொப்பி போடுங்கள். தலைத்துணி உச்சியைத்தான் மறைக்கும், கன்னத்தை மறைக்காது. உங்கள் மங்கு இருப்பதோ கன்னத்தில்.

சட்டை மறைக்காத முகத்துக்கும் கழுத்துக்கும்தான் சன்ஸ்கிரீன். டியூபில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கும், வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் அது. எஸ்பிஎஃப் 30 போதும், சரியாகப் பூசினால் தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்று போட்டதற்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் தடுப்பது 98 சதவீதம்தான். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிழிந்தால் என்ன வருமோ, அது முழுவதும் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் பலன் இல்லை. தண்ணீரைத் தாங்கும் வகை என்று அச்சிட்டதாகப் பாருங்கள், கரைக்கு வந்ததும் மறுபடி பூசுங்கள். மங்கு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை தடுக்கும். டாக்டரிடம் கேட்டு அதை வாங்குங்கள். நீங்கள் இறங்குவது மன்னார் வளைகுடாப் பவளப்பாறைப் பக்கம் என்பதால், ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாததாக, துத்தநாக ஆக்சைடு உள்ளதாக இருந்தால் கடலுக்கும் நல்லது. பவளத்துக்குக் கெடுதல் என்று சொல்லி அந்த ஆக்சிபென்சோன் கலந்ததை ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் விற்கவே விடுவதில்லை.

சரி, தண்ணீர். வெறுமனே லிட்டர் கணக்கில் குடிப்பதால் மங்கு போகாது, முகமும் மின்னாது. ஆனால் உடம்பில் நீர் வற்றினால் தோல் சுருங்கி, உதடு வெடித்து, ஆளே வாடித் தெரிவீர்கள். என் கவலை வேறு. கடலுக்குப் போகிற பெண்கள் பலர், படகில் ஒதுங்க இடமில்லை என்று விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை அடக்கிக்கொள்கிறார்கள். உப்புத் தண்ணீரில் நிற்பதால் வியர்ப்பதும் தெரிவதில்லை. மதியம் தலைவலி, சிறுநீர் கடுத்துக்கொண்டு போவது, நீர்த்தாரையில் தொற்று எல்லாம் இதிலிருந்து வருபவைதான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, ஒதுங்கிவிட்டுப் போங்கள். படகில் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் கட்டாயம் இருக்கட்டும். வேலைக்கு நடுவில் நாலு மடக்கு, நாலு மடக்காகக் குடியுங்கள். திரும்பியதும் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து மெதுவாகக் குடித்தால் இழந்தது திரும்பும். சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போதுமா என்று அறிய லிட்டர் கணக்கு வேண்டாம். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதும், டீத்தண்ணீர் நிறத்தில் போனால் போதாது.

நல்ல தண்ணீருக்குக் காசு என்று எழுதியிருந்தீர்கள். குளிப்பதற்கு உவர்த்தண்ணீர்தான் கிடைக்கும் என்று புரிகிறது. அதிலேயே குளியுங்கள், கடைசியில் ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீரை முகத்திலும் கையிலும் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். சோப்பு நுரைக்கவில்லை என்று தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே தங்கும். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது, தோல் வெந்து கறுத்துவிடும்.

சாப்பாட்டில் மங்குக்கு என்று தனி மருந்து கிடையாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் யாராவது ஒரு பொடியை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். ஆனால் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் நான்கு வாரம் ஆகும், அதற்குச் சரக்கு நீங்கள் சாப்பிடுவதிலிருந்துதான் போக வேண்டும். உங்கள் கையிலேயே நல்லது இருக்கிறது. சாளையும் சூடையும் விலை மலிவு, கொழுப்புச் சத்தில் பெரிய மீனுக்குச் சளைத்தவை இல்லை. விற்கிற மீனில் வீட்டுக்கு என்று கொஞ்சம் ஒதுக்குங்கள். உங்கள் தட்டிலும் ஒரு துண்டு விழ வேண்டும், பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுவதை விடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது முருங்கைக்கீரை. அதோடு ஒரு நெல்லிக்காயோ பாதிக் கொய்யாவோ இருந்தால் கீரையின் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது பாழ். தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டையும் பாசிப்பயறும் போதும். நுங்கும் பதநீரும் கிடைக்கிற மாதங்களில் குளிர்பானத்தைத் தொடவே வேண்டாம். கருவாடு தினமும் வேண்டாம், உப்பு அதிகம்.

டாக்டரிடம் போகும்போது ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மறக்காமல் சொல்லுங்கள், பிள்ளை பிறந்த பிறகு வந்த மங்கை அதுவும் கூட்டலாம். எல்லாம் சரியாகச் செய்தாலும் மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றம் தெரியாது.

மகளைப் பற்றி. அவள் பூச ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் இன்றைக்கே நிறுத்திவிடலாம், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒளித்துவைத்தால் வேறு கடையில் வாங்கிக்கொள்வாள், அதனால் உங்கள் கன்னத்தை அவளிடம் காட்டி, என்ன ஆனது என்று முழுவதும் சொல்லுங்கள். அவளுக்கும் சட்டைக் கையைச் சுருட்டி அந்தக் கோட்டைக் காட்டுங்கள். பருவுக்காகத்தான் பூசினாள் என்றால் அதற்குத் தனி மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து அவளையும் கூட்டிப் போங்கள்.