கேள்வி நேரம்: பதில் சொல்பவர் ஒரு பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார்

கே: விஸ்கி என்றால் பார்லி என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் மக்காச்சோளத்தில் எடுக்கிறார்களாமே? எங்கள் காட்டில் விளைவது கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது!
- உடுமலைப்பேட்டை வாசகர்

ப: பார்லி ஸ்காட்லாந்து வழக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மண்ணுக்கு வாய்த்தது மக்காச்சோளம். அந்தப் பகுதி வர்ஜீனியாவோடு சேர்ந்திருந்தபோது வந்த 1779ஆம் வருட நிலச் சட்டம், முன்பே குடியேறி ஒரு போகம் மக்காச்சோளம் எடுத்தவருக்கு 400 ஏக்கர் வரை உரிமை கொடுத்தது. அப்புறம் என்ன, ஊரெல்லாம் மக்காச்சோளம். மூட்டை கட்டி அப்பலாச்சிய மலையைத் தாண்டினால் குதிரைக் கூலிக்கே கட்டாது. காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால் சுமை குறைவு, விலை அதிகம், புழுவும் வைக்காது. இந்தக் கணக்கை விவசாயியான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இனி என் பாடம். சர்க்கரையைச் சாராயமாக்கும் நுண்ணுயிர் ஈஸ்ட். அதற்கு மாவுச்சத்து செரிக்காது; சர்க்கரைதான் வேண்டும். மக்காச்சோளமோ லேசில் மசியாத தானியம். பார்லி மாவு 65 டிகிரி வாக்கில் இளகிவிடும். மக்காச்சோளத்தைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வைத்து வேகவிட வேண்டும். வெந்ததும் களி போல இறுகிக்கொள்ளும். சூட்டை 65 டிகிரி அளவுக்கு இறக்கி, முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைத்துக் கொட்டுவார்கள். முளையிலுள்ள நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்க, துடுப்பு அசையாமல் நின்ற கலவை தளர்ந்து ஓடத் தொடங்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் போதும். நீலக் கறுப்பானால் மாவு மிச்சமிருக்கிறது. பையன்களுக்கு உருளைக்கிழங்குத் துண்டில் காட்டுவேனே, அதே சோதனைதான்.

கே: போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் செந்நிறம் மக்காச்சோளத்தாலா?
- தேனி வாசகி

ப: இல்லை அம்மா. காய்ச்சி இறக்கும்போது வெறும் தண்ணீர் போல நிறமில்லாமல்தான் இருக்கும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாய் தருவது அந்தச் சிவப்பு. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், பீப்பாய் புதியது, இரண்டும் சட்டப்படி கட்டாயம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்ற முடியாது என்பதால், நிறையப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அங்கே அதில் பார்லி விஸ்கி ஊறுகிறது.

கே: 'கார்ன் விஸ்கி' என்பதும் இதுதானா?
- அதே வாசகி

ப: வேறு. அதற்கு 80 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும். பீப்பாயில் ஊறவைக்காமலே விற்கலாம்.