குழந்தைகளுக்குத் தீ, சாலை ஆபத்துகளைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லித் தருவது?

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். மகளுக்கு ஏழு வயது. "பார்த்துப் போ, பார்த்துப் போ" என்று இரண்டு வருடம் கத்தியதில் என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு அண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறுத்தி வைத்திருந்த வண்டியில் அவளை ஏற்றி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். நான் முன் பம்பரை ஒட்டி, அவள் உயரத்துக்குக் குந்தினேன். "அம்மா, எங்க இருக்க?" என்று மேலிருந்து குரல் வந்தது. இடதுபக்கக் கதவோரம் போய்க் குந்தினேன். அங்கேயும் தெரியவில்லையாம். "நீ நிக்கறப்ப எனக்கும் இப்படித்தான் பாப்பா" என்றார் அண்ணன். அன்றிலிருந்து நிற்கிற லாரியாக இருந்தாலும் அதன் முன்னால் புகுந்து போவதில்லை. வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருவதை, இரண்டு தீப்பெட்டிகளைக் கோத்து இழுத்து அவரே காட்டினார். அதற்காக அவளைத் தனியாக விட்டுவிடவில்லை. வருகிற வண்டியின் வேகத்தைக் கணிப்பது அந்த வயதுக்குச் சிரமம். பெரிய சாலை என்றால் என் கையைப் பிடித்தே ஆக வேண்டும்.

தீ விஷயத்தில் நான் செய்த தப்பு, "ஓடிடு" என்று மட்டும் சொல்லி வைத்தது. எங்கே ஓடுவாய் என்று கேட்டால், "கட்டிலுக்கு அடியில்" என்றாள்! பயந்த குழந்தை ஒளியத்தான் பார்க்கும். புகை மேலே ஏறும், தரையோரம்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். அதனால் கண்ணைக் கட்டி, கட்டிலிலிருந்து வாசல்வரை தவழ்ந்து போவதை விளையாட்டாக்கினோம். முதல் நாள் கிரைண்டரில் முட்டிக்கொண்டாள். கிரைண்டரை இடம் மாற்றினோம். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் படுத்து உருளுவதையும் பாயில் பழக்கினேன், அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

சமையல் கேஸ் புகைக்கு நேர்மாறு. காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து என்னைக் கூப்பிடு, அவளுக்கு அவ்வளவு போதும். ரெகுலேட்டரை மூடுவது பெரியவர்கள் வேலை.

உண்மையில் பாடம் தேவைப்பட்டது என் மாமியாருக்கு. சூடு பட்டால் பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுவதுதான் சரி என்று புரியவைக்க ஒரு தீபாவளி ஆனது. குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் குடத்திலிருந்து மொண்டு ஊற்ற வேண்டியதுதான்.

அப்புறம் 101-க்குப் போன் செய்யும் ஒத்திகை. தீயணைப்பு நிலையம் நான்தான்.

"எங்கேம்மா தீ?"

"எங்க வீட்ல."

"வீடு எங்கே?"

"மாரியம்மன் கோயில் பக்கத்துல."

எங்கள் பக்கம் எத்தனை மாரியம்மன் கோயில்! இப்போது கதவு எண், தெருப் பெயர், பின்கோடு எல்லாம் ஒப்பிக்கிறாள். பின்கோடு நான் கேட்கவே இல்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது.