மூன்று விசில் யார் சொன்ன கணக்கு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சோறு பற்றித்தான். சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றே: ‘எத்தனை விசில்?’ அரிசி பச்சையா புழுங்கலா, அறுவடை ஆகி எவ்வளவு நாள் ஆச்சு, தவிடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் விசில் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஒரே கடை, ஒரே புழுங்கல் பொன்னி. போன மூட்டை உதிரி உதிரியாக வந்தது. இந்த மூட்டை பிரித்த நாளிலிருந்து களிதான். கலப்படமா?

கலப்படம் இல்லை, புது அரிசி. தையில் அறுவடையான சம்பா நெல் அரவை ஆகி மாசி, பங்குனியில் கடைக்கு வரும்போது இந்தப் புகாரும் கூடவே வரும். நாள் ஆக ஆக அரிசி இறுகும். பழைய அரிசி தண்ணீரை நிறையக் குடித்தும் உருக்குலையாமல் நிற்கும். புதுசு கொஞ்சம் குடித்ததுமே குழைந்துவிடும். உறவுக்காரர் வீட்டு வளைகாப்பு ஒன்றில் இது தெரியாமல் புது அரிசியில் புளியோதரை கிளறி, கரண்டி நிமிர்ந்து நின்ற கதை என்னுடையது. அன்றிலிருந்து மூட்டை வாங்கும்போது ‘எத்தனை மாசத்து அரிசி?’ என்று கேட்காமல் பணம் எடுப்பதில்லை.

இருக்கிற மூட்டைக்கு வழி: ஊறவைக்காதீர்கள். டம்ளருக்கு மூன்று தண்ணீர் வைத்தால் இரண்டரையாகக் குறையுங்கள். அதிலும் சரிவராவிட்டால் குக்கரை விட்டுவிட்டுப் பானையில் வடியுங்கள். பதம் கண்முன்னே தெரியும். ஐந்தாறு கிலோவை மட்டும் தனியே எடுத்து வைத்துக் கஞ்சிக்கும் இட்லி மாவுக்கும் தள்ளிவிட்டு, மீதியை நன்றாக மூடி நாலைந்து மாதம் கழித்துத் தொடுவது இன்னும் நல்லது.

குன்னூருக்கு மாற்றலாகி வந்தோம். பானையில் முக்கால் மணி நேரம் கொதித்தும் நடுவில் அரிசியாகவே இருக்கிறது.

உங்கள் மேல் தப்பில்லை, மலை மேல்தான். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் சீக்கிரமே கொதிக்கத் தொடங்கிவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டர். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். அடுப்பை எவ்வளவு தூக்கினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. குக்கர் உள்ளே ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றுவதால் 115 டிகிரிக்கு மேல் போய்விடும். மலையில் அது வசதிக்கான சாமான் இல்லை, அவசியமே.

விசில் என்பது அழுத்தம் மிஞ்சியதும் வெயிட் தூக்கிக்கொண்டு ஆவியை விடுவது, அவ்வளவுதான். பெரிய தீயில் நாலு விசில் மூன்று நிமிடத்தில் வரும். சிறு தீயில் பத்து நிமிடம் ஆனாலும் ஒன்று வராது. அதனால் விசிலை விட்டு நிமிடத்தைப் பிடியுங்கள். அரை மணி ஊறிய புழுங்கல் பொன்னிக்கு முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி விடாமல், அழுத்தம் தானாக அடங்கட்டும். கடைசிப் பதம் அந்த நேரத்தில்தான் சேரும்.

மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். பத்து விசில் விட்டும் சவைக்க முடியவில்லை.

ஊறவைத்தீர்களா என்பதை எழுதவில்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தவிட்டுத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்து, விசில் வந்ததும் சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். அப்படியும் பொன்னி மாதிரி மெத்தென்று வராது. வீட்டில் முகம் சுளித்தால் மிக்ஸியில் குருணையாக உடைத்துக் கஞ்சி வையுங்கள். சின்ன வெங்காயத்தோடு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள்.

கருப்புக் கவுனியில் இனிப்பு செய்தால் அரிசி விறைத்துப் போகிறது. சர்க்கரை கூடிவிட்டதா?

சர்க்கரை சீக்கிரம் விழுந்துவிட்டது. சர்க்கரையோ வெல்லமோ சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேக அடம்பிடிக்கும். செட்டிநாட்டு வீடுகளில் கவுனியை முழுக்க மசிய வேகவைத்துவிட்டுத்தான் சர்க்கரை போடுவார்கள். முதல் நாள் இரவே களைந்து ஊறவையுங்கள். ஊறிய தண்ணீர் மை போலக் கறுத்திருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், அரிசியின் நிறமே அதில்தான் இறங்கியிருக்கிறது. அதிலேயே வேகவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்ததும் சூட்டோடு சர்க்கரை, தேங்காய்த்துருவல், ஏலக்காய், நெய். சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே சட்டம்தான்.

பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா, பாஸ்மதியா? இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தானா?

நான் திண்டுக்கல் கட்சி, சீரகச் சம்பாதான். மசாலாவைப் பிடித்துக்கொள்வதில் அந்தப் பொடி அரிசிக்கு நிகரில்லை. இருபது நிமிடம் ஊறினால் டம்ளருக்கு ஒன்றரை தண்ணீர். அந்த ஒன்றரையில் தயிரும் தக்காளி விட்ட நீரும் அடக்கம். இதைக் கணக்கில் எடுக்காமல் தனியாக ஒன்றரை ஊற்றுவதால்தான் பலருக்குப் பிரியாணி பொங்கலாகிறது. பாஸ்மதியை அரை மணி ஊறவைத்து, உப்புப் போட்ட நிறையத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்துத் தம் போடுவது சுலபம். ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், அதுதான் முக்கால் பதம்.

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மட்டும் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுத்தவை. செறிவூட்டிய அரிசி என்பது அதுதான். கலப்பு அளவு நூறு அரிசிக்கு ஒன்று. கிலோவுக்குப் பத்து கிராம். நிறம் கொஞ்சம் மங்கல், எடையும் லேசு, அதனால் மிதக்கும். பொறுக்கி எறிந்தால் சத்தை எறிந்த மாதிரி. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடைதான் தொல்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் களைந்து, பானையில் வடித்துப் பாருங்கள்.

கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரை நோய்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாமா?

கூடாது. கஞ்சியோடு போவது கொஞ்சம் மாவும் பி வைட்டமின்களும். மாவுச்சத்தில் பெரும்பங்கு சோற்றிலேயே இருக்கிறது. ‘வடித்த சோறுதானே’ என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்வதுதான் வினை. வடிகஞ்சியில் உப்பும் மோரும் கலந்து வீட்டில் மற்றவர்கள் குடிக்கலாம். நூல் புடவைக்குப் போட்டாலும் வீணில்லை.

மதியம் மீந்த சோற்றை ராத்திரி சூடாக்கிச் சாப்பிட்டால் என்ன?

மதியமே ஃபிரிட்ஜில் போயிருந்தால் ஒன்றுமில்லை. வெளியிலேயே கிடந்தால் வேண்டாம். சோறு வெந்த பிறகும் சாகாத கிருமி வித்துகள் உண்டு; வெதுவெதுப்பில் அவை பெருகிவிடும், அவை விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். எலக்ட்ரிக் ரைஸ் குக்கரில் உள்கோடு வரை தண்ணீர் ஊற்றினாலும் பொன்னி வேகவில்லை.

அந்தக் கோடு புழுங்கலை நினைத்துப் போட்டதல்ல. அந்தப் பக்கத்து வெள்ளை அரிசிக்கானது. கூட வரும் கப்பும் 180 மில்லிதான், நம் டம்ளர் அல்ல. அந்தக் கப்பாலேயே அரிசியையும் அளந்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, அரை மணி ஊறவிட்டுப் பொத்தானைத் தட்டுங்கள். பொங்கி வழிந்தால் அரிசியைக் குறையுங்கள், தண்ணீரை அல்ல.