பவனியில் பூத்தூவ மகளை அனுப்பலாமா?

சிறுவயதில் கோயில் பவனியில் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், மகளைப் பூத்தூவ அனுப்ப யோசனை என்று கேட்டிருக்கிறீர்கள். புது நன்மை எடுத்த, அதாவது சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய பிள்ளையாகத்தான் இருக்கும். தாராளமாக அனுப்புங்கள்.

எங்களுடையது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கிறிஸ்து உடல் திருவிழா ஜூனில் வரும், சில வருடம் மே கடைசியிலேயே வந்துவிடும். அன்று சாயங்காலம் நற்கருணைப் பவனி, இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோவது. முன்னால் சிலுவையும் மெழுகுதிரியும், அப்புறம் மரியாயின் சேனை என்கிற பக்திச் சபை, மற்ற சபைகள், ஊர் ஜனம், கடைசியில் வெள்ளை உடுப்பில் பூக்கூடையோடு நாங்கள். எங்களுக்குப் பின்னால் பட்டுக்குடையின் கீழ், நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம் ஏந்தி ஃபாதர்.

என் கவுன் அம்மாவின் வெள்ளை வாயில் சேலையில் தைத்தது. வரிசை போட்ட ஒரு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வலை கவுனும் கிரீடமுமாக வந்த பிள்ளைகளை முன்னால் இழுத்து, என்னையும் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளையும் பின்னால் தள்ளிவிட்டார். போட்டோக்காரர் முன்னால்தானே நிற்பார், ஆல்பத்தில் எங்கள் தலை கூடக் கிடையாது. இதையெல்லாமா இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், வைத்திருக்கிறேன். கோயிலையோ ஃபாதரையோ குறை சொல்லவில்லை, அவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் கடைசி வரிசைதான் நற்கருணைக்குப் பக்கத்து வரிசை, அது அந்த அக்காவுக்குத் தோன்றவில்லை. பீடச் சிறுவன் மணி அடித்ததும் திரும்பி நின்று குடைக்கு முன்னால் பூத்தூவுவது நாங்கள். தூபப் புகை கண்ணைக் கரிக்கும். வாசலுக்கு வாசல் மெழுகுதிரி ஏற்றி வைத்து முழங்கால் போட்டிருப்பார்கள், எங்கள் வாசலில் பாட்டியும் அப்படித்தான். என்னை அடிக்க விரட்டுகிற பாட்டி, எனக்கும் சேர்த்துத்தான் முழங்கால் போட்டிருக்கிறார் என்று அன்றைக்கு ஒரே பெருமை.

உங்கள் மகளுக்குப் பருத்தி உடுப்பு போதும், வலை கவுன் கழுத்தை அறுக்கும். கேந்திப்பூ இதழ் கொடுத்துவிடுங்கள், ரோஜா வாடிக் கையில் ஒட்டிக்கொள்ளும். போட்டோ வேண்டுமென்றால் நீங்களே பக்கத்தில் நடந்து எடுங்கள்.

பவனி என்றதும் இன்னொன்று. ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா. அங்கே 1806இல் முதன்முதலாக ஓடிய தங்கத்தேர் வருடா வருடம் ஓடாது, மற்ற வருடங்களில் சப்பரம்தான். தூத்துக்குடிக்காரர்களுக்கு உள்ளூர் விடுமுறை, சென்னையில் இருக்கிற எங்களுக்கு யார் விடுவார்கள்? 2013இல் தேர் ஓடியது திங்கட்கிழமை, லீவு இல்லை. 2023இல் சனிக்கிழமை, சரி கிளம்பலாம் என்று பார்த்தால் ரயிலில் இடம் இல்லை, ஆம்னி பஸ்காரர் தீபாவளி ரேட் சொல்கிறார். கேட்டால் "திருவிழா சீசன் மேடம்" என்கிறார். மாதா பேரைச் சொல்லி அவருக்கும் ஒரு வசூல்!