இயற்பியல் படித்தவர் நரம்பறிவியலில் ஆய்வுசார் முதுகலை படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். நரம்பணுவில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை 1952-இல் சமன்பாடுகளாக எழுதிக் காட்டிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்னோட்டத்தை அளந்தவர்கள். அந்த வேலையில் பாதி இயற்பியல்தான். மூளைப் பகுதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வது சில மாத எரிச்சல், அவ்வளவே.

உண்மையான சுமை ஆய்வகத்தில் இருக்கிறது. இத்தகைய படிப்பில் வகுப்புகளைவிட ஆய்வேடே அதிகம் நேரம் விழுங்கும். ஒரு மணி நேரம் மின்முனையில் பதிவு செய்ததை இரைச்சல் நீக்கி, துடிப்புகளை நரம்பணுவாரியாகப் பிரித்து, புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்த நாள்கணக்கில் ஆகலாம். பைத்தான் நிரல்மொழியை இப்போதே பழகுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆய்வு வழிகாட்டி முக்கியம். அவருடைய முன்னாள் மாணவர்களிடம் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள். விலங்குகள்மீது சோதனை செய்ய மனம் ஒப்பவில்லையென்றால், கணினி மாதிரியாக்கம், மனித மூளை அலைப்பதிவு போன்றவற்றில் ஈடுபடும் ஆய்வகங்களும் உண்டு. அந்தத் தயக்கத்தை வழிகாட்டிக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.