நாவலூர் அடுக்குமாடி வீடு: வாங்கலாமா?
சென்னைக்குத் தெற்கே நாவலூரில் பெரிய வளாகம் ஒன்றில் வீடு பார்த்திருப்பதாகவும், வேலை கிண்டியில் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலை பக்கத்துச் சிறுசேரியில் என்றால் உடனே சரி என்பேன். கிண்டிக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) தினமும் போய்வருவது, மெட்ரோ ஓடத் தொடங்கும்வரை, பெரும்பாடு.

அதைவிடத் தண்ணீர் முக்கியம். அந்தப் பக்கம் பல வளாகங்கள் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கத்தில் ஏப்ரல், மே மாதச் செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். லாரிக்கு எவ்வளவு போகிறது, பராமரிப்புக் கட்டணம் கோடையில் எவ்வளவு ஏறுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்! அப்புறம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்று மாலையில் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள், மூக்கே சொல்லிவிடும். பத்திரத்தில் பிரிக்கப்படாத மனைப் பங்கையும், அதாவது வளாக நிலத்தில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கையும், கவனியுங்கள். நீச்சல் குளமெல்லாம் பிறகு.

முடிந்தால் ஒரு கோடை அங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள்.